மண்டி நேரத்துக்கு ஒத்துவந்த இன்சுலின் பென்

ராயக்கோட்டை தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவனுக்குச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது. வண்டிகள் வரிசை கட்டி நின்றால் காலை இட்லி பதினோரு மணிக்குத்தான். வரத்து குறைந்த நாளில் எட்டு மணிக்கே கையைக் கழுவிவிடலாம். இந்த வேலையில் இருந்துகொண்டு காலையும் இரவும் மிக்ஸ் இன்சுலின், அதாவது வேகமாகவும் மெதுவாகவும் வேலை செய்கிற இரண்டும் கலந்த இன்சுலின், போடுவது பெரிய பாடு. போட்ட அரை மணி நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும். சாப்பாடு தள்ளிப்போனால் கை நடுக்கம், சட்டை நனைகிற வியர்வை, இரண்டு எண்களைக்கூடக் கூட்ட வராத தடுமாற்றம். கிருஷ்ணகிரி டாக்டர் என் சுகர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இரவு பத்து மணிக்கு ஒரே ஊசி, கூடவே மாத்திரை என்று மாற்றினார். அந்த ஊசிதான் கிளார்ஜின், நீண்ட நேரம் வேலை செய்கிற இன்சுலின். பேனா மாதிரி இருக்கிற பென்னில் போட்டுக்கொள்கிறேன். எனக்கு நன்றாக ஒத்துவந்திருக்கிறது. ஆனால் நம் ஊர் வெயிலில் இதைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மருந்துக் கடையில் லான்டஸ், பேசலாக் என்று கேட்டு வாங்குவதெல்லாம் இந்தக் கிளார்ஜின்தான். பென்னுக்குள் போடுகிற மருந்துக் குழாயான கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும்போது இது அமிலத்தன்மை உள்ள தெளிந்த நீர். தோலுக்கு அடியில் போனதும் அமிலம் குறைந்து, பொடிப்பொடித் துகள்களாக அங்கேயே படிந்துவிடும். அந்தத் துகள்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஏறக்குறைய 24 மணி நேரம் ரத்தத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். தக்காளித் தோட்டத்துக்குச் சொட்டு நீர் விடுகிற மாதிரி. மிக்ஸ் ஊசியைப் போல வேகமாக ஏறி இறங்குவதில்லை. அதனால்தான் இட்லி தாமதமானாலும் இப்போது எனக்கு அந்த நடுக்கம் வருவதில்லை.

அதற்காக லோ சுகரே வராது என்று யாரும் நம்பிவிட வேண்டாம். டோஸ் கூடிப்போனாலோ, இரவு சாப்பிடாமல் படுத்தாலோ, அன்றைக்கு உடம்பு வேலை அதிகமாக இருந்தாலோ விடியற்காலையில் இறங்கும். என் மேஜை டிராயரில் சர்க்கரைப் பொட்டலம் எப்போதும் உண்டு. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்துச் சுகரை மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை.

என்னுடையது கார்ட்ரிட்ஜ் மாற்றிப் போடுகிற பென். தீர்ந்ததும் அப்படியே தூக்கிப் போடுகிற பென்னும் இருக்கிறது. தினமும் போடுகிறவர்களுக்கு மாற்றுகிற வகைதான் சரி என்பது என் கட்சி. குப்பையும் குறையும். ஒரே ஒரு விஷயம், ஒரு கம்பெனி பென்னில் இன்னொரு கம்பெனி கார்ட்ரிட்ஜைப் போடக் கூடாது.

ஒரு கார்ட்ரிட்ஜில் 3 மில்லி, 300 யூனிட். நான் போடுவது 18 யூனிட். ஒவ்வொரு முறையும் முதலில் 2 யூனிட் திருகி, நிட்டில் மேலே பார்க்கும்படி பிடித்து அழுத்தி, நுனியில் ஒரு சொட்டு துளிர்க்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்று இருந்தால் வெளியேறிவிடும், நிட்டில் அடைக்கவில்லை என்பதும் தெரியும். ஆக நாளைக்கு 20, ஒரு கார்ட்ரிட்ஜ் பதினைந்து நாள். 6 யூனிட் போடுகிறவருக்குக் கணக்குப்படி 37 நாள் வரும். ஆனால் திறந்த கிளார்ஜினை 28 நாளுக்கு மேல் வைத்துப் போடக் கூடாது, மீதி இருந்தாலும் போனது போனதுதான்.

அப்புறம் ஒரு பத்து விநாடி விஷயம். பொத்தானை முழுக்க அழுத்தி, பென்னில் யூனிட் எண் தெரிகிற ஜன்னலில் பூஜ்யம் வந்ததும் பலர் ஊசியை உருவிவிடுகிறார்கள். நிட்டில் மயிரிழை போல மெல்லியது, மருந்து முழுக்க உள்ளே போக நேரம் வேண்டும். உள்ளேயே வைத்துக்கொண்டு பத்து வரை நிதானமாக எண்ணுங்கள். எடுத்த பிறகு தோலில் மருந்து வழிந்தால் அன்றைய டோஸ் முழுசாகப் போகவில்லை என்று அர்த்தம். 4 மில்லிமீட்டர் நிட்டில் வலிப்பதே இல்லை, எறும்பு ஊர்ந்த அளவுக்குக்கூடத் தெரியாது. வலிக்கவில்லை என்று ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் தோலுக்கு அடியில் கட்டி மாதிரி தடிக்கும். அந்தத் தடிப்பில் போட்ட மருந்து சரியாக உறிஞ்சப்படாது. தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் தள்ளி, நாளுக்கு ஓர் இடமாக மாற்றுங்கள்.

இப்போது வெயில். திறக்காத கார்ட்ரிட்ஜ் பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், பிரீசர் பக்கமே போகக் கூடாது. உறைந்துபோனால் அந்த மருந்து வீண். பென்னில் போட்டதை வெளியே 30 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சித்திரை மாதம் மண்டியின் தகரக் கூரைக்குக் கீழே 30 டிகிரிக்கு எங்கே போவது? என் பென் மண்டிக்கு வருவதே இல்லை. இரவு ஊசி என்பதில் எனக்குக் கிடைத்த பெரிய வசதி இதுதான். வீட்டில் ஒரு மண்பானையில் பாதிக்கு ஈர மணல், அதன்மேல் மூடி போட்ட சின்ன டப்பா, டப்பாவுக்குள் பென். காலையில் மணலில் தண்ணீர் தெளிப்பது என் மனைவியின் வேலை. பைக் பெட்டி, பஸ்ஸின் மேல்தட்டு, ஜன்னலோரம், இங்கெல்லாம் பென்னை வைக்கவே வேண்டாம். சூடேறிய மருந்து பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம், வேலைதான் சரியாகச் செய்யாது. கலங்கியோ துகள் மிதந்தோ இருந்தால் சந்தேகமே வேண்டாம், போடாதீர்கள்.

கடை விஷயத்திலும் கண்டிப்பு வேண்டும். ஒரு மெடிக்கலில் மே மாத மதியம் கார்ட்ரிட்ஜை வெறும் கேரி பையில் போட்டுக் கொடுத்தார்கள். ஐஸ் பை கேட்டேன், இல்லை என்றார்கள். வாங்காமல் வந்துவிட்டேன். இப்போது வாங்குகிற கடையில் கேட்காமலே தெர்மாகோல் டப்பாவில் ஜெல் பையோடு தருகிறார்கள், காலாவதி தேதியையும் திருப்பிக் காட்டுகிறார்கள். கூட நாலு ரூபாய் ஆனாலும் அங்கேதான் போவேன்.

குறை என்று சொன்னால், பென்னின் ஜன்னலில் தெரிகிற எண் சிறியது. கண் மங்கிய பெரியவர்களுக்கு வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னொன்று, இந்த ஊசி ராத்திரியையும் வெறும் வயிற்றையும் பார்த்துக்கொள்ளும், சாப்பாட்டை அது பார்க்காது. காலை பாஸ்டிங் 110 வருகிறது என்று மகிழ்ந்து மாம்பழ சீசனில் இரண்டு பழத்தை முழுசாகச் சாப்பிட்டால், சாப்பிட்ட பின் பார்க்கிற சுகர் 250-ஐத் தாண்டும். களியும் அப்படித்தான், கேழ்வரகு என்பதற்காக உருண்டையின் அளவைப் பெரிதாக்கக் கூடாது.

விலையில் குப்பி இன்சுலினைவிட இது கூடத்தான், நிட்டில் செலவு தனி. 2022-ல் கிளார்ஜினை மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தார்கள், நல்ல காரியம். அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தருகிற இன்சுலினிலேயே சுகர் கட்டுக்குள் இருக்கிறவர்கள் இதற்கு மாற வேண்டிய அவசியம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிட முடியாதவர்கள், அடிக்கடி லோ ஆகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். மாறினால் பழைய சிரிஞ்சைப் பென்னின் பக்கத்தில் வைக்காதீர்கள். அது மில்லிக்கு 40 யூனிட் குப்பிக்கானது, பென்னில் இருப்பது மில்லிக்கு 100. பென் மக்கர் செய்கிறது என்று அந்தச் சிரிஞ்சால் கார்ட்ரிட்ஜிலிருந்து 18 கோடு உறிஞ்சினால் உள்ளே போவது 45 யூனிட்.