பம்ப் செத்ததா, வயர் செத்ததா: மீற்றரும் பல்ப்பும் ஸ்கானரும்

போன மாரியில் மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகிற வழியில் கார் நின்றுவிட்டது. ஸ்ராட்டர் நன்றாகச் சுழன்றது, எஞ்சின் பற்றவில்லை. பின்சீற்றுக்குக் கீழே பெற்றோல் பம்ப் இரைகிற சத்தமும் இல்லை. கட்டியிழுத்துப் போன கராச்சில் பம்ப் சொக்கெட்டைக் கழற்றி, திறப்பைப் போட்டு மீற்றரை வைத்தார்கள். 12.3 வோல்ற். "கறண்ட் வருது அண்ணை, பம்ப்தான் போட்டுது" என்று புதுப் பம்ப் பூட்டினார்கள். அதுவும் இரையவில்லை.

பிறகு வயது போன ஒரு வயரிங்காரர் வந்தார். அவர் கையில் இருந்தது பழைய ஹெட்லைற் பல்ப் ஒன்று. ஒரு இழை எரிந்துபோய், மற்ற 55 வாற்ஸ் இழை மட்டும் மிஞ்சியிருந்த பல்ப். அதை அதே சொக்கெட்டில் கொழுவினார். இழை மங்கலாகச் சிவந்ததோடு சரி. பல்ப்பின் கறுப்பு வயரைக் கழற்றி நீள வயரொன்றால் பற்றரியின் நெகட்டிவுக்குக் கொண்டுபோனார். கண் கூசியது. பிழை ஏர்த்தில், அதாவது கறண்ட் காரின் தகரத்தால் பற்றரிக்குத் திரும்பும் வழியில். வெள்ளத்துக்குள்ளால் ஓடின காரின் தகரத்தில் பூட்டியிருந்த போல்ற் துருவேறிக் கிடந்தது. சுரண்டிப் பூட்டியதும் கார் எடுபட்டது. கழற்றிய பழைய பம்ப்பில் ஒரு குறையும் இல்லை.

மீற்றர் பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விதான் பிழை. டிஜிற்றல் மீற்றர் கிட்டத்தட்டக் கறண்ட் இழுப்பதே இல்லை. ஒரேயொரு நூல் வயர் மிஞ்சியிருந்தாலும், துரு போல்ற்றிலும், அது 12 வோல்ற்றையே காட்டும். பம்ப் இழுப்பதோ ஐந்து அம்பியர் அளவு. 55 வாற்ஸ் பல்ப்பும் ஏறக்குறைய அவ்வளவு இழுக்கும், அதனால்தான் பம்ப்புக்குப் பதிலாக நின்று சாட்சி சொல்கிறது. கடையில் விற்கிற சின்ன ரெஸ்ற் லாம்ப் இதற்குப் போதாது, அது இழுப்பது சொற்பம்.

அதற்காக மீற்றரை எறியத் தேவையில்லை. பம்ப்பையோ பல்ப்பையோ கொழுவி, கறண்ட் ஓடும்போதே பற்றரி நெகட்டிவுக்கும் பம்ப்பின் ஏர்த்துக்கும் இடையே வையுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ தடை. எலி கடித்த வயரைத் தேடி இணைப்பு இணைப்பாகப் போகும்போது பல்ப்பை விட மீற்றர்தான் துல்லியம். நெல் மூட்டை அடுக்கிய கொட்டிலில் கார் விடுபவர்களுக்கு எலி வேலை புதிதல்ல.

காரில் கொழுவிப் பிழைக் கோட் வாசிக்கும் ஸ்கானர் வேறு ஆள். அது காரின் கம்பியூட்டர் அறிந்ததை மட்டுமே சொல்லும். பி0230 என்ற கோட், பம்ப்புக்குக் கறண்டைத் திறந்து மூடும் சுவிட்சான ரிலேயைக் கட்டுப்படுத்தும் பக்கத்துப் பிழை. என் காரில் பிழை அதற்கு அப்பால் மோட்டர் பக்கத்தில் இருந்ததால் கோட் எதுவும் வரவில்லை. ஆனால் ஓரிடத்தில் அதற்கு இணையில்லை: ஸ்ராட்டர் சுழலும்போது ஆர்பிஎம் பூச்சியமாகவே நின்றால், எஞ்சின் சுழல்வதைக் கம்பியூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சரைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் சுழல்வது தெரியாவிட்டால் கம்பியூட்டர் பம்ப்பைத் தொடர்ந்து ஓடவிடாது. அப்படியிருக்கப் பம்ப் மாற்றினால் காசு தண்ணீர். மலிவான புளூடூத் ஸ்கானர் ஜப்பானிலிருந்து வந்த பழைய ரீகண்டிஷன் கார்கள் சிலவற்றோடு பேசாது என்பதையும் வாங்கமுன் யோசியுங்கள்.

ரிலே சந்தேகமா? கால்களின் ஒழுங்கு ஒன்றானால் ஹோர்ன் ரிலேயைக் கழற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதற்கு முதல் பியூஸ்.

ஒன்று கவனம். பல கார்களில் திறப்பைப் போட்டதும் பம்ப் இரண்டு செக்கன் ஓடி நிற்கும். பல ரொயோட்டாக்களில் ஸ்ராட்டர் சுழலும்போதுதான் ஓடும். ஆகவே ஒருவர் ஸ்ராட் அடிக்க, மற்றவர் பல்ப்பைப் பார்க்க வேண்டும். முதலில் பல்ப்பைக் கொழுவி, கதவுகளைத் திறந்துவிட்டு, பிறகே திறப்பைத் திருப்புங்கள். பெற்றோல் ஆவியில் ஒரு பொறி போதும். கம்பியூட்டரிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் வயர்களிலும், மஞ்சள் நிற எயார்பாக் சொக்கெட்டிலும் இந்தப் பல்ப்பை வைக்கவே கூடாது. முன்னது கம்பியூட்டரைச் சுடும், பின்னது முகத்தில் வெடிக்கும்.

யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு எழுப்பி, மண்ணெண்ணெயில் பழைய ஒஸ்ரின் ஏ40 கார் ஓட்டிய ஊர் இது. அந்தக் காரில் பம்ப்பை எஞ்சினே தள்ளும், ரிலேயும் இல்லை கோட்டும் இல்லை. இப்போது என் டாஷ்போட்டுக்குள் ஒரு கண் செத்த ஹெட்லைற் பல்ப், நீள வயரொன்று, இரண்டு கிளிப். ஸ்கானர் வேண்டுமென்றால் பரந்தனில் ஒரு கூட்டாளியிடம் இரவல்.