ஐரோப்பிய ரயில் பாஸுக்குப் பணம் கட்டுமுன்: தஞ்சை, குடந்தைப் பகுதியினருக்கு ஓர் எச்சரிக்கை

காசி, கயா யாத்திரையும் நவக்கிரகக் கோயில் சுற்றுலாவும் நடத்திவந்த தஞ்சாவூர்ப் பயண முகவர் ஒருவர், சில காலமாக ‘ஐரோப்பா ரயில் சுற்றுலா’ என்ற பெயரில் கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பகுதிகளில் பணம் வாங்கிவருகிறார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளாகப் பார்த்து, யாராவது தெரிந்தவர் மூலமாகத்தான் வருவார். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. நானும் மனைவியும், அறுபதைக் கடந்த என் பெற்றோரும், ஒன்பது வயது மகளுமாக 2025 கோடை விடுமுறையில் பாரிஸ், சூரிக், மிலான், வெனிஸ் செல்வதற்கு அவரிடம் பணம் கட்டினோம். ரசீதில் ‘ரயில் பாஸ், இருக்கை முன்பதிவு அனைத்தும் உட்பட’ என்று தெளிவாக எழுதியிருந்தது.

அவர் வாங்கிக் கொடுத்தது யூரெயில் பாஸ். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கென்று விற்கப்படும் இந்தப் பாஸ் உண்மையானது, 33 நாடுகளில் செல்லுபடியாகக்கூடியது. அதில் குறை இல்லை. ஆனால் பாஸ் வேறு, இருக்கை வேறு. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் செல்ல சீசன் டிக்கெட் வைத்திருப்பவர், அதைக் காட்டி உழவன் எக்ஸ்பிரஸின் முன்பதிவுப் பெட்டியில் படுத்துக்கொள்ள முடியுமா? அதே கதைதான். பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சியாரோசா, லண்டன் செல்லும் யூரோஸ்டார் போன்ற அதிவேக ரயில்களிலும் இரவு ரயில்களிலும் பாஸ் இருந்தாலும் தனியே பணம் கட்டி இருக்கையைப் பதிவு செய்தாக வேண்டும். அவற்றில் பலவற்றில், பாஸ் உள்ளவர்களுக்கென ஒதுக்கும் இடங்கள் குறைவு என்பதால், விடுமுறைக் காலத்தில் அவை விரைவிலேயே தீர்ந்துவிடும்.

பாரிஸில் கார் த லியோன் நிலையத்தில் சூரிக் ரயிலுக்கான நுழைவாயிலில் நின்றபோதுதான், எங்களில் ஒருவருக்கும் இருக்கை பதிவாகவில்லை என்பது தெரியவந்தது. பாஸ்காரர்களுக்கான இடங்கள் அன்றைக்கு முடிந்துவிட்டன என்று ஊழியர் கைபேசியைத் திருப்பிக் காட்டினார். முகவருக்கு அழைத்தால், “அதெல்லாம் அங்கேயே பாத்துக்கலாம் சார், பாஸ் இருக்குல்ல” என்றார். வட்டார ரயில்களில் மாறி மாறிச் சென்றால் முன்பதிவு இல்லாமலே சுவிஸ் எல்லையை அடையலாம் என்று ஊழியர் சொன்னாலும், முட்டி வலியுள்ள அம்மாவை வைத்துக்கொண்டு பெட்டிகளோடு அப்படி ஏறி இறங்க முடியாது என்பதால், கடைசி நேர விலையில் ஐந்து பேருக்கும் புதிதாக டிக்கெட் வாங்கினோம். முக்கால் லட்சம் ரூபாய்க்கு மேல் போயிற்று. கையில் பாஸும் இருந்தது, அதற்கு மேல் முழுக் கட்டணமும் கட்டினோம்.

இதைவிட என்னை எரிச்சலூட்டியது, ஊர் திரும்பிய பின் கட்டண விவரத்தை வரி வரியாகப் பார்த்தபோது கிடைத்தவைதான். 4 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பெரியவர் ஒருவரின் பாஸோடு இலவசமாகவே பாஸ் தருகிறார்கள். என் மகளுக்கு அவர் தனியே விலை போட்டிருந்தார். 60 வயதான முதியோருக்கு 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. அதையும் கழித்துத்தான் அவர் வாங்கியிருக்கிறார், ஆனால் என் பெற்றோருக்கு எழுதியது முழு விலை. நாங்கள் ரயிலேறும் நாள்களை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். ஒரு மாதத்துக்குள் 5 நாள் பயணம் செய்யும் பாஸ் போதுமாயிருக்க, விலை கூடிய 15 நாள் தொடர் பாஸை எங்கள் தலையில் கட்டியிருந்தார். சூரிக்கிலிருந்து லூசெர்ன் செல்லும் சாதாரண ரயிலுக்கு முன்பதிவே தேவையில்லை. அதற்கும் ‘இருக்கைக் கட்டணம்’ என்று ஒரு வரி. சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராயோக் மலை ரயில் பாஸில் அடக்கம் என்றார்; உண்மையில் பாஸ் உள்ளவர்களுக்குக் கட்டணத்தில் தள்ளுபடி மட்டுமே உண்டு. வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கான டிசிஎஸ் வரி (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வருமான வரி) என்று வாங்கிய தொகை, என் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும், என் பான் எண்ணுக்குரிய படிவம் 26ஏஎஸ்ஸில் வரவே இல்லை. வரி என்ற சொல்லைக் கேட்டால் நம்மவர்கள் மறுபேச்சின்றிக் கொடுத்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நேரில் கேட்டதற்கு, அடுத்த காசி யாத்திரையில் கழித்துத் தருவதாகச் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பதிவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்பி, பதில் வராததால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

ஏற்கெனவே இவரிடமோ இவரைப் போன்றவரிடமோ பணம் கட்டிவிட்டவர்கள், பாஸின் எண்ணை இப்போதே கேட்டு வாங்கி, யூரெயிலின் ‘ரெயில் பிளானர்’ கைபேசிச் செயலியில் ஏற்றிப் பாருங்கள். பாஸின் வகையும், அது பெரியவருக்கா முதியவருக்கா பிள்ளைக்கா என்பதும் அதிலேயே தெரியும். விலை யூரெயில் தளத்தில் வெளிப்படையாக இருக்கிறது. ஒவ்வொரு விரைவு ரயிலுக்கும் பெட்டி எண்ணும் இருக்கை எண்ணும் உள்ள தாளைக் கேளுங்கள். “பதிவு ஆயிடுச்சு” என்ற வாய்ச்சொல்லையும், அவரே தட்டச்சு செய்த பயணத் திட்டத்தையும் ஏற்க வேண்டாம். தாள் வரவில்லை என்றால், இடங்கள் தீருமுன் நீங்களே செயலி வழியாகப் பதிவு செய்துகொண்டு, அந்தச் செலவுக்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். என் புகாரில் நான் இணைத்திருப்பவையும் அத்தகைய ரசீதுகள்தான்.