கொடுவாவும் தேங்காய்ப்பாலும்: வார நாள் இரவுக்கு எந்தப் போச்சிங்?

மீனைக் கொதிக்கவிடாத சாற்றில் மெல்ல வேகவைக்கும் போச்சிங் முறைக்கு நம் வீடுகளில் இன்னும் நல்ல பெயர் வரவில்லை. "தண்ணீரில் வெந்த மீனா? பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்குமே" என்பார்கள். ஆனால் வேலை முடித்து ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவர்களுக்கு இதைவிடத் தோதான மீன் சமையல் இல்லை என்பது என் கட்சி. எண்ணெய் தெறிக்காது, வீடு முழுக்க வாடை அடிக்காது, வெந்த துண்டு தட்டில் பளிச்சென்று உட்காரும். எந்தச் சாற்றில் வேகவைப்பது என்பதில்தான் போட்டியே. பிரெஞ்சுக்காரர்களின் காய்கறிச் சாறான கூர்-பூயோன், நம் பக்கத்துத் தேங்காய்ப்பால், உணவகங்களில் செய்யும் எண்ணெய்ப் போச்சிங் ஆகிய மூன்றையும் வார நாள் கணக்கில் பார்ப்போம்.

எதில் செய்தாலும் சூடு சரியாக இருக்க வேண்டும். ஆட்டுக்கறியில் இருப்பதுபோல மீன் தசையில் கெட்டியான இணைப்புத் திசு கிடையாது. இருக்கும் கொஞ்சமும் 50 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகிவிடும். 60 டிகிரியை நெருங்கும்போது சதை இதழ் இதழாகப் பிரியும். அதற்கு மேல் ஏற ஏற தசை சுருங்கி உள்ளே இருக்கும் நீரைப் பிழிந்து தள்ளும். துண்டின் மேல் தயிர்த் திப்பி மாதிரி வெள்ளையாக வழிந்தால் சூடு கூடிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். சாறு 70 முதல் 80 டிகிரிக்குள் நிற்க வேண்டும். வெப்பமானி இல்லையா, பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். பொடிக் குமிழிகள் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், எப்போதாவது ஒன்று மேலே வரும், பரப்பில் ஆவி மட்டும் எழும். அதுதான் பதம். நம் கேஸ் அடுப்பில் சிம்மில் வைத்தாலும் தீ அதிகமாகத்தான் இருக்கும். சிறிய பர்னரில் பழைய தோசைக்கல்லைப் போட்டு, அதன் மேல் அகலமான சட்டியை வையுங்கள், சூடு அடங்கி நிற்கும்.

அடுத்தது மீன். வறுவலுக்கு வஞ்சிரத்தை மிஞ்ச ஆள் கிடையாது. போச்சிங்கில் அது அவ்வளவு சோபிக்காது. இறுகிய சதை, ஒரு நிமிடம் கூடினாலும் வறண்டுவிடும். வட்டத் துண்டின் நடு முள்ளைத் தட்டில் ஒதுக்கிக்கொண்டே சாப்பிடுவதும் அழகாக இல்லை. மத்தி, அயிலைக்குப் புளிக்குழம்புதான் இடம். வாவல் நன்றாக வரும், ஆனால் விலை. என் ஓட்டு கொடுவாவுக்கு. வெள்ளைச் சதை, பெரிய இதழ்கள், கொஞ்சம் கொழுப்பு, ஓரிரு நிமிடம் தவறினாலும் பொறுத்துக்கொள்ளும். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-ல் கொடுவாவை வளர்ப்பிடத்திலேயே இனப்பெருக்கம் செய்யவைத்தது. இப்போது குளத்தில் வளர்த்த கொடுவாவும் சந்தைக்கு வருவதால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்திலும் தேடினால் கிடைக்கிறது. கடைக்காரரிடம் முதுகு முள்ளை எடுத்து, தோலை உரிக்காமல், இரண்டரை சென்டிமீட்டர் கனத்தில் துண்டு போடச் சொல்லுங்கள். தலையையும் முள்ளையும் விட்டுவிட்டு வராதீர்கள், மறுநாள் குழம்புக்கு ஆகும். வீட்டுக்கு வந்ததும் உப்புத் தூவி பத்து நிமிடம் வைத்து, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டால் சதை கொஞ்சம் இறுகி, வெள்ளைத் திப்பியும் குறையும்.

இனி போட்டிக்கு வருவோம். கூர்-பூயோன் என்பது வெங்காயம், கேரட், செலரி, பிரிஞ்சி இலை, மிளகு எல்லாம் போட்டு, வெள்ளை ஒயினோ வினிகரோ சேர்த்து 20 முதல் 30 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டிய சாறு. ஒயின் இல்லாவிட்டால் வினிகரே போதும், செலரிக்குப் பதில் கொத்தமல்லித் தண்டு போடலாம். புளிப்புக்கு இங்கே முக்கியமான வேலை உண்டு. மீன் வாடைக்குக் காரணமான அமீன்களை அமிலம் கட்டிப்போட்டுவிடும், அவை ஆவியாகி மூக்குக்கு வராது. மீனுக்குள்ள சொந்த ருசி மூன்றிலும் இதில்தான் சுத்தமாகத் தெரியும். சாற்றிலேயே ஆறவைத்து, குளிரவைத்து மறுநாள் சாப்பிட்டாலும் ஈரப்பதம் போகாது. விருந்துக்கு முழு மீன் செய்வதென்றால் நானும் இதைத்தான் சொல்வேன். முழு மீனை ஆறிய சாற்றில் போட்டுச் சூடேற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வேகும்முன் வெளியே குழைந்துவிடும். துண்டுகளைச் சூடான சாற்றில் இறக்கலாம்.

ஆனால் செவ்வாய்க்கிழமை இரவில் இது இரட்டை வேலை. சாறு தயாராக அரை மணி, மீன் வேகப் பத்து நிமிடம், அப்புறம் மேலே ஊற்ற ஒரு சாஸ். லுவார் ஆற்றுப் பக்கத்து வெண்ணெய்ச் சாஸான பேர் பிளாங் இதற்கு அருமையான ஜோடிதான், ஆனால் சூடு கொஞ்சம் கூடினாலும் வெண்ணெய் பிரிந்துவிடும். பசியோடு நிற்கிற வீட்டில் அதை யார் கிளறிக்கொண்டிருப்பது? ஞாயிற்றுக்கிழமையே சாற்றைக் காய்ச்சி ஃப்ரீசரில் வைத்து, சாஸுக்கு உருக்கிய வெண்ணெயும் எலுமிச்சையும் போதும் என்று இருப்பவர்களுக்கு மட்டும் இது வார நாளில் சரிப்படும்.

எண்ணெய்ப் போச்சிங்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆலிவ் எண்ணெயை 55, 60 டிகிரியில் நிறுத்தி மீனை முக்கி வைப்பார்கள். சதை வெண்ணெய் போல இளகும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அரை லிட்டர் எண்ணெய் வேண்டும், வெப்பமானி கட்டாயம் வேண்டும். மீனின் உள்சூடு 63 டிகிரி வர வேண்டும் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்பு அறிவுரை. இந்த முறையில் அந்த அளவு எட்டாது என்பதால் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தேங்காய்ப்பால் ஜெயிப்பதற்கு ஒரே காரணம், வேகவைக்கும் சாறே சாஸாகிவிடுகிறது. வடிகட்டிக் கொட்டவும் வேண்டாம், இன்னொரு பாத்திரமும் வேண்டாம். யாழ்ப்பாணத்து வீடுகளில் மீன் சொதி வைப்பவர்களுக்கு இதன் அடிப்படை கைவந்த கலை. தீயை இன்னும் குறைத்து, மீனைத் தனியே எடுத்துப் பரிமாறினால் அதுவே விருந்துத் தட்டாகிவிடும்.

நான்கு துண்டுக்கு இரண்டு கப் இரண்டாம் பால். அதில் நறுக்கிய சின்ன வெங்காயம், கீறிய பச்சைமிளகாய், இஞ்சி, கால் ஸ்பூன் வெந்தயம், சிட்டிகை மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு சேர்த்துப் பத்து நிமிடம் மெல்லக் காயவிடுங்கள். குமிழி அடங்கியதும் மீனைத் தோல் அடியில் இருக்கும்படி இறக்கி மூடுங்கள். இரண்டரை சென்டிமீட்டர் கனத்துக்குச் சுமார் பத்து நிமிடம். எட்டாவது நிமிடத்தில் கத்தி முனையை இதழ்களுக்கு நடுவே விட்டுப் பாருங்கள். கண்ணாடி போலத் தெரிவது போய்ப் பால் வெள்ளையாக மாறி, இதழ் லேசாக வழுக்கிக்கொண்டு பிரிந்தால் எடுத்துவிடலாம். மீனை எடுத்தபின் அரை கப் முதல் பாலை ஊற்றி, சூடேறியதும் அடுப்பை அணையுங்கள், கொதித்தால் பால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகுதான். தேங்காய் துருவ நேரமில்லை என்றால் பாக்கெட் பாலை ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் விட்டு இரண்டாம் பாலாக்கிக்கொள்ளலாம், ருசி ஒரு படி குறையும், அவ்வளவுதான்.

மஞ்சள்தூளில் மட்டும் கை தாராளம் வேண்டாம். சிட்டிகைக்கு மேல் போனால் இளமஞ்சள் மறைந்து குழம்பு நிறம் வந்துவிடும். குழிவான தட்டில் மீனை வைத்து, சாற்றை வடிகட்டிச் சுற்றிலும் ஊற்றி, தேங்காய் எண்ணெயில் பொரித்த நாலு கறிவேப்பிலையை மேலே வையுங்கள். பக்கத்தில் இடியப்பம் இருந்தால் உத்தமம், இல்லாவிட்டால் சூடான சோறு. ரொட்டி வேண்டாம், இந்தச் சாற்றின் மென்மைக்கு அது கனம். மீந்த சாற்றைச் சேர்த்து வைத்து மறுநாள் அந்தத் தலையையும் முள்ளையும் அதிலேயே போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். அவற்றுக்குப் புளியும் மிளகாய்த்தூளும்தான் சரி.