ஒரிஷா லீடர்ஷிப் ட்ரெய்னிங் போயிட்டு வந்தேன், ரெண்டாவது நாளுக்காகவே போகலாம்

நைஜீரியாவுல லாகோஸ்ல இருக்க நம்மாளுங்க ரெண்டு மூணு பேரு கேட்டுட்டே இருந்தாங்க, ஒரிஷாங்கற யோருபா சாமிங்களோட கதைய வச்சு நடத்துற அந்த லீடர்ஷிப் ட்ரெய்னிங் எப்படி இருந்துச்சு, காசு கட்டி போலாமான்னு. ஒவ்வொருத்தருக்கா பதில் போடுறதுக்கு இங்கயே எழுதிடுறேன், கொஞ்சம் நீளமா போகும். நடத்துனவங்க பேரு வேணாம், குறையும் சொல்லப்போறேன், சின்ன டீம், திருத்திக்கிட்டாங்கன்னா அது போதும் எனக்கு.

மொத்தம் ரெண்டு நாள். முதல் நாள் லாகோஸ்லயே இகேஜாவுல ஒரு ஹோட்டல் ஹால்ல, ரெண்டாவது நாள் விடியக்காலைல பஸ்ல ஏத்தி ஓஷோக்போங்கற ஊருக்கு, அங்க இருக்க சாமிக் காட்டுக்கு, கூட்டிட்டு போறாங்க. எங்க பேக்கேஜிங் கம்பெனிலேர்ந்து நாலு பேரு போனோம், நான் டிஸ்பாட்ச் பாக்குறேன், மத்த மூணு பேரும் யோருபாக்காரங்க. எங்களுக்கு கம்பெனி கட்டிடுச்சு, ஆனா கைக்காசு போட்டு வந்தவங்களும் இருந்தாங்க, எங்க சூப்பர்வைசர் சம்பளத்துல பாதி வரும் அந்த ஃபீஸு, அதனால சும்மா நல்லா இருந்துச்சுன்னு எழுதிட்டு போக மனசு வரல.

ஒரிஷான்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. யோருபா மக்கள் நைஜீரியாவோட தென்மேற்குலயும் பக்கத்துல பெனின், டோகோவுலயும் இருக்காங்க. எல்லாத்துக்கும் மேல ஒலோடுமாரே, அவருக்கு கீழ ஒரிஷாங்க, 401 பேருன்னு ஒரு கணக்கு சொல்வாங்க. இரும்புக்கு ஓகுன், இடி மின்னலுக்கு ஷாங்கோ, ஆத்துக்கு ஓஷுன், சூறக்காத்துக்கு ஓயா, வெள்ளத்துணி கட்டுன ஒபாதாலா, நாலு ரோடு கூடுற எடத்துல ஏஷு, இஃபாங்கற குறி பாக்குற முறைக்கு ஒருன்மிலா. அடிமைக் கப்பல்ல போனவங்களோட சேந்து இந்த சாமிங்களும் பிரேசில், க்யூபா வரைக்கும் போயிருக்கு. இன்னைக்கும் கும்பிடுற சாமிங்க இது, மியூசியத்துல இருக்கறது இல்ல. இத சொல்லாம விட்டா நான் கீழ சொல்ற குறை எதுவும் புரியாது.

முதல் நாள் காலைல போனதும் ஒரு க்விஸ் குடுத்தாங்க. பிரச்சனை வந்தா நீ முன்னாடி போவியா, யோசிப்பியா, ஆள் கூட்டுவியா, இப்படி பக்கம் பக்கமா கேள்வி. முடிச்சதும் உனக்கு இந்த ஒரிஷா ஸ்டைல்னு பளபளன்னு ஒரு கார்டு. எனக்கு ஓகுன் வந்துச்சு. எங்க ப்ரொடக்ஷன் ஆளு கார்ட திருப்பி திருப்பி பாத்துட்டு கீழ வச்சிட்டாரு. அவங்க வீட்ல பரம்பரையா ஷாங்கோ கும்பிடுறவங்க. யாருக்கு எந்த ஒரிஷாங்கறது வம்சத்துல வரும், இல்லன்னா இஃபா பாத்து சொல்வாங்க, இந்தா உன் ஒரிஷான்னு நாலு கேள்விக்கு டிக் போட்டு அவர் கைல வேற ஒண்ண குடுத்தா அவருக்கு எப்படி இருக்கும்? ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம், இது சும்மா ஒரு பயிற்சிதான்னு.

அதவிட பெரிய குறை, கதைகள பாதியில நிறுத்துனது. ஓகுன் ஸ்லைடு வந்துச்சு. ஒரிஷாங்க எல்லாரும் பூமிக்கு எறங்குறப்ப வழி தெரியாத அளவுக்கு காடு, மத்தவங்க வெட்டிப் பாத்து முடியல, ஓகுன் மட்டும் தன்னோட இரும்புக் கத்தியால வெட்டி வழி போட்டாரு, அதனால நீங்களும் மார்க்கெட்ல மொதல்ல வழி போடுங்கன்னு சொல்லிட்டு அடுத்த ஸ்லைடு. பக்கத்துல இருந்த ப்ரொடக்ஷன் ஆளு மெதுவா, "ஓகா, இரே கதைய சொல்லவே இல்லையே"ன்னாரு. ஓகான்னா இங்க பெரியவரே, பாஸுங்கற மாதிரி.

சாப்பாட்டு நேரத்துல அவரே சொன்னாரு. வழி போட்டதுக்காக எல்லாரும் சேந்து ஓகுனுக்கு ராஜா பதவி குடுக்க வந்தாங்களாம், வேணாம்னு சொல்லிட்டு மலைல போய் தனியா இருந்தாராம். ஒருநாள் சண்டை முடிஞ்சு இரேங்கற ஊருக்கு வர்றாரு. ஊரே ஒரு சடங்குல இருக்கு, யாரும் வாயத் திறக்கக் கூடாத சடங்கு. தாகத்துல கள்ளுப் பானையத் தூக்குறாரு, காலி. அடுத்தது தூக்குறாரு, அதுவும் காலி. ஒருத்தரும் வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லல. அவமானப்படுத்துறாங்கன்னு நெனச்சு கத்திய உருவி சொந்த ஜனங்களயே வெட்டிட்டாரு, வெட்டி முடிச்ச பிறகுதான் ஏன் பேசாம இருந்தாங்கன்னு தெரியுது, தாங்க முடியாம கத்திய மண்ணுல குத்தி அப்படியே பூமிக்குள்ள போயிட்டாரு. காட்ட வெட்டுன அதே இரும்புதான். இந்த ரெண்டாவது பாதி இல்லாம ஓகுன எப்படி ஒரு மேனேஜருக்கு சொல்லிக் குடுக்க முடியும்னு எனக்கு புரியவே இல்ல. இங்க டிரைவர், மெக்கானிக், வெல்டர், இரும்பு தொடுற எல்லாரும் ஓகுன கும்பிடுறாங்க, நம்ம ஆயுத பூஜைக்கு ரொம்ப பக்கம், கோர்ட்ல கூட பழைய வழி கும்பிடுறவங்க இரும்ப தொட்டு சத்தியம் பண்ணலாம். அவங்களுக்கு ரெண்டு பாதியும் தெரியும்.

ஷாங்கோ விஷயத்துலயும் இதே கதைதான். ஸ்லைடுல லாகோஸ் மரீனால கரண்ட் கம்பெனி ஆபீஸ் முன்னாடி நிக்கிற சிலையோட போட்டோ, பென் என்வோன்வு 1964ல பண்ணது, கைல கோடாலி, மின்சாரத்துக்கு ஷாங்கோவ வச்சது எவ்ளோ பொருத்தம். கவர்ச்சி, நெருப்பு, கூட்டத்த இழுக்கற பேச்சுன்னு அடுக்குனாங்க, எல்லாம் சரி. ஆனா ஷாங்கோ ஓயோ ராஜ்யத்த ஆண்ட அலாஃபின், ராஜா. அவர்கிட்ட திமி, க்போன்கான்னு ரெண்டு தளபதிங்க பெருசா வளந்துட்டாங்க, பயந்து போயி ரெண்டு பேரையும் ஒருத்தர் மேல ஒருத்தர மோத விட்டாரு, அதுவே திரும்பி அவர் சிம்மாசனத்துக்கு வந்துச்சு. இன்னொரு கதைல இடிய வரவழைக்கற சக்திய சோதிச்சுப் பாக்கறேன்னு சொந்த அரண்மனையவே எரிச்சுட்டாரு. கடைசில ஊர விட்டுப் போயி மரத்துல தூக்கு போட்டுக்கிட்டாருன்னு எதிரிங்க சொல்ல, இல்ல ராஜா தூக்குல தொங்கலன்னு, "ஒபா கோ சோ"ன்னு பக்தருங்க இன்னிக்கும் சொல்றாங்க. நல்லா வேலை செய்யற ரெண்டு ஆளுங்கள மோத விடுற மேனேஜர நீங்க பாத்ததில்லையா? நான் ஒருத்தர்கிட்ட மூணு வருஷம் வேலை பாத்திருக்கேன். அந்த ஹால்ல உக்காந்திருந்தவங்க பாதிப்பேரு பாத்திருப்பாங்க.

இன்னொண்ணு, ஓயோன்னு பேச்சு எடுத்தா ஓயோ மேசிய சொல்லாம விடவே கூடாது. ஏழு பேரு கொண்ட சபை, தலைவர் பஷோருன். ராஜா அளவு மீறிப் போனா, அந்த சபை அவருக்கு ஒரு காலி சுரைக்குடுவையோ கிளி முட்டையோ அனுப்பும். அர்த்தம் ஒண்ணுதான், ஜனங்க உன்ன வேணாங்குறாங்க, நீ உயிர விடணும். கேக்கவே குலை நடுங்குது, ஆனா எவ்ளோ பெரிய ராஜாவா இருந்தாலும் தனக்கு மேல ஒரு கை இருக்குன்னு தெரிஞ்சு ஆண்டாரு. கம்பெனி போர்டு, ஆடிட், இதுக்கெல்லாம் இதவிட ஒரு நல்ல பாடம் கிடைக்குமா? ரெண்டு நாள்ல ஒரு வார்த்த வரல.

ஏஷு ஸ்லைடு வந்தப்பதான் நெஜமாவே கஷ்டமாயிடுச்சு. படம் வந்ததும் ரெண்டு பேரு பைய எடுத்துட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க. ஏன்னா யோருபா பைபிள்ல பிசாசுக்கு ஏஷுன்னுதான் போட்டிருக்கு. 19ம் நூற்றாண்டுல சாமுவேல் அஜாயி க்ரௌதர் மொழிபெயர்த்தது, அவரே யோருபாக்காரர், சின்னப் பையனா அடிமையா பிடிபட்டு, பிரிட்டிஷ் கடற்படையால மீட்கப்பட்டவர், 1864ல ஆங்கிலிகன் பிஷப் ஆனாரு. அந்த ஒரு வார்த்தையால தூதுவரா இருந்த ஏஷு பேயா மாறிட்டாரு. இத ட்ரெய்னர் ரெண்டு நிமிஷம் நிதானமா சொல்லியிருந்தா அவங்க ஒருவேளை உக்காந்திருப்பாங்க. அவரு தடுமாறி, டிஸ்ரப்ஷன், மார்க்கெட்ட கலக்குங்கன்னு எதையோ சொல்லிட்டு தாண்டிட்டாரு. ஏஷு தொப்பிக் கதை எவ்ளோ நல்ல கதை தெரியுமா, ஒரு பக்கம் ஒரு கலர் மறு பக்கம் வேற கலர் தொப்பி போட்டுட்டு ரெண்டு நண்பர்களோட வயலுக்கு நடுவுல நடந்து போறாரு, ரெண்டு பேரும் அவங்கவங்க பாத்த கலர வச்சு அடிச்சுக்கறாங்க. எங்க குடோன்ல ஸ்டாக் நம்பருக்காக சேல்ஸும் ஸ்டோரும் போடுற சண்டை அச்சு அசல் அதேதான்.

ஒபாதாலா மட்டும் முதல் நாள் ஒழுங்கா சொன்னாங்க, அதையும் சொல்லணும்ல. களிமண்ல மனுஷ உடம்ப வனையற வேலை அவரோடது. கள்ளு குடிச்சிட்டு வனைஞ்சதுல சில உடம்பு கோணலா வந்துடுச்சு. போதை தெளிஞ்சதும் கைய உதறிட்டுப் போகல, கூன் விழுந்தவங்க, அல்பினோங்க எல்லாரையும் எம்பிள்ளைங்கன்னு ஏத்துக்கிட்டாரு, அவர கும்பிடுறவங்க இன்னைக்கும் கள்ளு தொட மாட்டாங்க. ட்ரெய்னர் இத சொல்லி முடிச்சப்ப ஹால்ல சத்தமே இல்ல. கதைய முழுசா சொன்னா என்ன ஆகும்னு அவரே காட்டிட்டாரு.

ரெண்டாவது நாள் கிளம்பறதுக்குள்ளயே லேட், எக்ஸ்பிரஸ்வேல ட்ராஃபிக் வேற, போய்ச் சேர்றப்ப மணி பதினொண்ணு தாண்டிடுச்சு. ஆனா ஓஷுன் காட்டுக்குள்ள கால் வச்சதும் அதெல்லாம் மறந்துடுச்சு. 75 ஹெக்டேர், 2005ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய பட்டியல்ல சேத்தது, பெரிய பெரிய மரம், குரங்குங்க, நடுவுல பழுப்பா ஓடுற ஆறு. சூசன் வெங்கர்னு ஆஸ்திரியாலேர்ந்து வந்த அம்மா உள்ளூர் கலைஞர்களோட சேந்து சிமெண்ட்லயும் மண்ணுலயும் பண்ண சிலைங்க, அவங்க இந்த சாமியவே ஏத்துக்கிட்டு 2009ல சாகற வரைக்கும் ஓஷோக்போவுலயே இருந்தாங்க. ஆகஸ்ட்ல திருவிழா, அப்ப அருக்பான்னு ஒரு கன்னிப் பொண்ணு தலைல சுரைக்குடுவைய சுமந்துட்டு ஆத்துக்கு நடக்கும். நாங்க போனது திருவிழா இல்லாத நேரம், அதனால அமைதியா இருந்துச்சு.

அங்க ஒரு பபலாவோ, இஃபா பாக்குற பெரியவர், எங்களுக்காக உக்காந்தாரு. மரத்தட்டுல மஞ்சளா பொடி பரப்பி, 16 பனங்கொட்டைய ஒரு கைல வச்சு மறு கையால ஒரே பிடியில அள்ளுறாரு, கைல ஒண்ணு மிஞ்சுனா பொடியில ரெண்டு கோடு, ரெண்டு மிஞ்சுனா ஒரு கோடு. எட்டு தடவை கோடு விழுந்ததும் ஒரு குறி வருது, அதுக்கு 'ஓடு'ன்னு பேரு, அப்படி மொத்தம் 256. ஒவ்வொண்ணுக்கும் எத்தனையோ பாட்டு, எல்லாம் மனப்பாடம். எங்க கூட்டத்துல ஒருத்தர் தன்னோட கேள்விய ஒரு நைரா நோட்டுகிட்ட வாய வச்சு முணுமுணுத்துட்டு தட்டு முன்னாடி வச்சாரு. பெரியவருக்கு கேள்வி என்னன்னே தெரியாது. அவரு பாட்டுக்கு பாடிட்டே போறாரு, இது என் விஷயம்னு நிறுத்துறது கேட்டவரோட வேலை. மூணாவது பாட்டுல கேட்டவரு கைய தூக்குனாரு. அப்புறம் பெரியவர் எபோ என்னன்னு சொன்னாரு, எபோன்னா காணிக்கை, இந்த நல்லது நடக்கணும்னா நீ எத விடணும்ங்கறது. அந்த மனுஷன் முகம் மாறிடுச்சு. என்ன கேட்டாருன்னு யாரும் கேக்கல. லேட்டா போனதால இது ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடுச்சு, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம், அரை நாள் குடுத்திருக்கணும்.

திரும்பறதுக்கு முன்னாடி ஆத்தங்கரைல ஒரு வயசான அம்மா, வெள்ளை உடுத்தி, கழுத்துல மஞ்சள் பாசி, ஓஷுன் கதைய சொன்னாங்க. 17 ஒரிஷாங்க பூமிய சரிபண்ண வர்றாங்க, 16 ஆம்பளைங்க, ஓஷுன் ஒருத்திதான் பொண்ணு. ஆம்பளைங்க கூடிக் கூடிப் பேசுறாங்க, அவள கூப்பிடவே இல்ல. மழை வரல, பயிர் வரல, தொட்டது எதுவும் வெளங்கல. ஒலோடுமாரேகிட்ட போய் அழுதா, அவர் கேட்ட மொத கேள்வியே உங்ககூட வந்த ஓஷுன கூப்பிட்டீங்களாங்கறதுதான். திரும்பி வந்து அவ கால்ல விழுந்த பிறகுதான் காரியம் நடந்துச்சு.

அத கேட்டப்ப எனக்கு தொண்டைய அடைச்சிடுச்சு. போன மாசம் நாங்க லோடிங் ஷிஃப்ட மாத்துனோம், நான், ப்ரொடக்ஷன், டிரான்ஸ்போர்ட்டு, அக்கவுண்ட்ஸ், நாலு ஆம்பளைங்க உக்காந்து ஒரு மணி நேரத்துல முடிவு பண்ணிட்டோம். எங்க ஸ்டோர்கீப்பரம்மா, எல்லாரும் இயான்னு கூப்பிடுவோம், அம்மான்னு அர்த்தம், பதினாலு வருஷமா அந்த ஸ்டோர் சாவி அவங்ககிட்டதான். அவங்கள கேக்கல. புது ஷிஃப்ட்டுல மொத நாளே நாலு வண்டி மதியம் வரைக்கும் கேட்டுலயே நின்னுச்சு, ஏன்னா அட்டை ரோல் எறங்குற நேரமும் நாங்க வச்ச நேரமும் ஒண்ணுதான்னு அவங்களுக்கு மட்டும்தான் தெரியும். அன்னைக்கு நான் அவங்க மேலதான் கத்துனேன்.

திங்கக்கிழமை போனதும் மொத வேலையா ஸ்டோருக்கு போனேன். குனிஞ்சு பேரேட்டுல எழுதிட்டு இருந்தாங்க. எ கூ இஷேன்னேன், வேலை செய்யறவங்கள தாண்டிப் போறப்ப இங்க சொல்ற வணக்கம், இத்தனை வருஷத்துல அவங்ககிட்ட நான் சொன்னதே இல்ல. நிமிந்து பாத்துட்டு பதிலுக்கு சொன்னாங்க. மன்னிப்பு கேட்டேன், புது ஷெட்யூல் பேப்பர அவங்க முன்னாடி வச்சேன், பென்சில எடுத்து ரெண்டு எடத்துல அடிச்சு மாத்துனாங்க, அஞ்சு நிமிஷம் கூட ஆகல.

போலாமான்னு கேட்டவங்களுக்கு: போங்க, ஆனா கூட ஒரு யோருபா சக ஊழியர் இல்லாம போகாதீங்க, பாதியில நிக்கிற கதைய அவங்கதான் முடிச்சு வைப்பாங்க. காட்டுக்குள்ள செருப்ப கழட்டச் சொல்ற எடத்துல கழட்டிடுங்க, கேக்காம யாரையும் போட்டோ எடுக்காதீங்க. மத்தியான சாப்பாடு அமாலா, அதாவது கிழங்கு மாவுக் களி, கூட எவேடுன்னு கீரைக் குழம்பு, நல்லாவே இருந்துச்சு. ஃபீட்பேக் பேப்பர்ல நான் எழுதுனது இதேதான், க்விஸ எடுத்துடுங்க, கதைய முழுசா சொல்லுங்க, ஓஷோக்போவுல ஒரு ராத்திரி தங்க வைங்க. ரெண்டாவது நாள மட்டும் தனியா நடத்துவீங்களான்னும் கேட்டிருக்கேன், பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க. நடத்துனா இந்த தடவை இயாவுக்கும் சேத்து பேரு குடுக்கப்போறேன், அவங்க பொறந்த ஊரே ஓஷோக்போ பக்கத்துலதானாம், அதுவே எனக்கு திங்கக்கிழமைதான் தெரியும்.