தேங்காய் எண்ணெய் தெளிய வைக்கும் கூம்பு டேங்க்: சில வருடம் புழங்கிய பிறகு

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மரச்செக்கு ஓட்டுகிறோம். முன்பு எண்ணெயைப் பிளாஸ்டிக் பேரலில் ஊற்றித்தான் தெளிய வைப்போம். அப்புறம் அடி கூம்பாக இருக்கும் 200 லிட்டர் எவர்சில்வர் டேங்க் வாங்கினோம். பொள்ளாச்சிக்காரர்கள் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கலாம். விற்றவர் சொன்ன "ஒரே நாளில் கண்ணாடி மாதிரி" கணக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

எண்ணெயில் கலந்து வரும் கொப்பரைத் தூளில் பெரியது மளமளவென்று இறங்கிவிடும். அதில் பாதி அளவுள்ள துகள் கால் பங்கு வேகத்தில்தான் இறங்கும். திரவத்தில் துகள் இறங்கும் வேகத்தைச் சொல்லும் ஸ்டோக்ஸ் விதி அப்படி. அதனால் மறுநாளே தெளிந்துவிட்ட மாதிரி தெரியும், மிச்சமுள்ள லேசான மங்கல் நாலைந்து நாள் இழுக்கும். மார்கழியில் இன்னும் மோசம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ராத்திரி குளிர்ந்து, 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் எண்ணெய் உறைய ஆரம்பிக்கும். தூள் நின்ற இடத்திலேயே நிற்கும். வெயிலில் தள்ளி வைத்தாலும் பிரயோஜனமில்லை. ஒரு பக்கம் மட்டும் சூடேறி எண்ணெய் உள்ளுக்குள் சுழல, இறங்கிய கசடும் எழும்பிவிடும். சீரான சூடுள்ள அறைதான் சரி.

நிறையப் பேர் கவனிக்காதது ஊற்றும் வேகம். இரண்டு செக்கும் ஓடினால் மணிக்கு 20 லிட்டர் வரும். டேங்கின் குறுக்குப் பரப்பு கால் சதுர மீட்டர். தொடர்ந்து கீழே விட்டு மேலே வழிய எடுத்தால், உள்ளே எண்ணெய் மணிக்கு 8 சென்டிமீட்டர் மேலே ஏறும். அதைவிட மெதுவாக இறங்கும் துகள் எல்லாம் எண்ணெயோடு வெளியே வந்துவிடும். டேங்கை உயரமாக்கி இதைச் சரிசெய்ய முடியாது, அகலம்தான் வேண்டும். எனவே நாங்கள் வழிய விடுவதை நிறுத்திவிட்டோம். நிரப்பி, மூடி, ஆட விடாமல் வைத்து, கூம்புக்கு மேலே உள்ள பக்கவாட்டுக் குழாயில் மெதுவாக இறக்குகிறோம். அவசரமாகத் திறந்தால் கடைசிப் பத்து லிட்டர் கலங்கலாகத்தான் வரும்.

கசடு எடுக்கும் அடி வால்வையும் அப்படியே கொஞ்சமாகத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் நடுவில் ஓட்டை விழுந்து நல்ல எண்ணெய் முதலில் ஓடும், கசடு சுவரில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் டேங்கில் கூம்பின் சரிவு குறைவு, அதனால் கரண்டி போட்டுச் சுரண்ட வேண்டியிருக்கிறது. வாங்கும்போது நல்ல செங்குத்தான கூம்பாகக் கேளுங்கள்.

வால்வோடு வந்த வாஷர் சாதா ரப்பர். எண்ணெயில் ஊறி உப்பிக் கசிந்தது. உணவுக்கு ஏற்ற, எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் வாஷர் போட்ட பிறகு கசியவில்லை.