‘சுவாமிமலைப் பஞ்சலோகம்’ என்று சொல்லி விற்ற பித்தளைச் சிலை: வாங்கும் முன் கவனியுங்கள்

சாமி சிலை வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு. கடைக்காரர் ‘இதில் இவ்வளவு தங்கம், இவ்வளவு வெள்ளி’ என்று பேச ஆரம்பித்தாலே உஷாராகிவிடுங்கள். என்னிடம் 32,000 ரூபாய் வாங்கிய சென்னைக் கடையில் பேச்சு அப்படித்தான் ஆரம்பித்தது.

ஒரு அடி உயரச் சிவகாமி அம்மன். “சுவாமிமலைப் பஞ்சலோகம் சார், ஸ்தபதி கைவேலை. தங்கமும் வெள்ளியும் போட்டு உருக்கினது, அதான் இந்த விலை” என்றார் விற்பனையாளர். பில்லில் மட்டும் ‘மெட்டல் ஐடல்’ என்று இரண்டே வார்த்தை.

சில வாரம் கழித்து வேறொரு கடையில் அதே சிவகாமி. எங்கள் வீட்டு அம்மனுக்கு இடது தோள்வளைக்குக் கீழே ஒரு சின்னக் குழி உண்டு. அங்கே வரிசையாக நின்ற நான்கு சிலைகளிலும் அந்தக் குழி அதே இடத்தில் இருந்தது. விலை மூன்றில் ஒரு பங்கு. ‘பித்தளை’ என்று ஒளிக்காமல் எழுதியும் வைத்திருந்தார்கள்.

சுவாமிமலை முறையில் இப்படி நடக்க வழியே இல்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் கலந்து உருக்கி, அந்த மெழுகில் ஸ்தபதி முழு உருவத்தையும் கையால் செய்வார். உடம்பின் அளவுகளைத் தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்துக் குறித்துக்கொள்வார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லிசாகப் பூசிக் காயவைத்து, மேலே மேலே கனமான மண் பூச்சு, கம்பிக் கட்டு. சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். மெழுகும் போச்சு, அச்சும் போச்சு. அடுத்த சிலைக்கு மறுபடி முதலிலிருந்து. அதற்கப்புறம் உளியும் அரமும் வைத்து நகம், நகை, முகம் என்று செதுக்கும் வேலை வாரக்கணக்கில் போகும். நாம் கொடுக்கும் காசில் பெரும்பகுதி இந்த உழைப்புக்குத்தான். தங்கம் வெள்ளியெல்லாம் வாங்குபவர் விரும்பினால் சாஸ்திரத்துக்கு ஒரு துளி சேர்ப்பது. மீதி பெரும்பாலும் செம்பு, கொஞ்சம் பித்தளை, கொஞ்சம் ஈயம்.

எனக்கு வந்தது மணல் வார்ப்பு. ஒரே மாதிரி உருவை மணலில் பதித்துப் பதித்து எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். அதையே பித்தளை என்று சொல்லி, பித்தளை விலைக்கு விற்றால் யாருக்கும் புகார் இல்லை.

வீட்டுக்கு வந்து நன்றாக வெளிச்சத்தில் பார்த்ததில் தோளிலிருந்து இடுப்பு வரை பக்கவாட்டில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம். அரத்தால் தேய்த்து, மேலே கறுப்பு ஏற்றி மறைத்திருக்கிறார்கள். பின்பக்கம் பின்னலும் இல்லை, மடிப்பும் இல்லை, மொழுக்கென்று இருக்கிறது. நல்ல ஸ்தபதி முதுகையும் முகத்துக்குச் சமமாகச் செய்வார், அதனால் கடையில் முதலில் சிலையைத் திருப்பச் சொல்லுங்கள்.

எடையிலும் ஏமாற்று. 5.4 கிலோ இருந்தது, கையில் தூக்கினால் கனம்தான். வாளியில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிச் சிலையை முழுக்க அமிழ்த்தி, வழிந்ததை அளந்தேன். 870 மில்லி. உள்ளே கெட்டியாக உலோகம் இருந்தால் 650 மில்லியைத் தாண்டியிருக்காது. பீடத்தின் அடியைச் சுரண்டியபோது அரக்கு வந்தது, உள்ளே கூடு.

தெரிந்த நகைக்கடையில் தங்கம் சோதிக்கும் எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்த்தோம். செம்பு 62 சதவீதம், துத்தநாகம் 35. சாதாரணப் பித்தளை. ஒரு விஷயம்: அந்தக் கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கும். மேலே முலாம் பூசிக் கொடுத்தால் ‘தங்கம் இருக்கிறது’ என்றுகூடக் காட்டும். ஆகவே கடையே அச்சடித்துத் தரும் சோதனைத் தாளை நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள்.

திருப்பிக் கேட்கப் போனேன். “பித்தளையும் பஞ்சலோகத்துல ஒண்ணுதானே சார்?” என்றார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது! பிறகு, “இது ரொம்பப் பழசு, அந்தக் காலத்துக் கலவை வேற மாதிரி” என்று புதுக் கதை. அதுவும் ஆபத்தான கதை. நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலை என்றால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி பதிவு இருக்க வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. பதிவுச் சான்று எங்கே என்று கேட்டதும் சிலை மறுபடி புதுசாகிவிட்டது.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் சுவாமிமலைக்கே போய்ப் பட்டறையில் மெழுகு உருவைப் பார்த்து ஆர்டர் கொடுங்கள். இல்லாவிட்டால் அரசின் பூம்புகார் விற்பனை நிலையம் இருக்கிறது. எங்கே வாங்கினாலும் பில்லில் ‘மெழுகு வார்ப்பு, கெட்டி, இன்ன உலோகம், இவ்வளவு எடை’ என்று எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் தர மாட்டார்களாம், அதே கடையில் வேறு சிலை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்து நுகர்வோர் ஆணையம்தான். இதே கதை சொல்லி உங்களிடமும் யாராவது விற்றிருந்தால் பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.