தனிப் பத்திரமா, கூட்டுப் பத்திரமா?

மதுரை மாநகராட்சி 2001-இல் உள்வட்டச் சாலைக்காக ஏறத்தாழ 30 கோடி ரூபாய்க்குத் தன் பெயரிலேயே கடன் பத்திரம் வெளியிட்டது; சாலையில் வசூலாகும் சுங்கக் கட்டணமே அதற்குப் பின்பலமாக இருந்தது. ஒரு சிறிய நகராட்சியால் இதைச் செய்ய இயலாது. இரண்டு கோடி திரட்டினாலும் இருநூறு கோடி திரட்டினாலும் கடன் தரமதிப்பீடு, சட்ட ஆவணங்கள், முதலீட்டாளர் நலன் காக்கும் அறங்காவலரின் கட்டணம் ஆகியவற்றுக்கான செலவு பெரிதாகக் குறைவதில்லை.

2002-இல் தமிழ்நாடு இதற்கு மாற்று வழி கண்டது. குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்காகப் பத்துக்கும் மேற்பட்ட சிறு உள்ளாட்சிகளின் தேவைகளைத் திரட்டி, மாநிலம் அமைத்த கூட்டு நிதியம் 30.41 கோடி ரூபாய்க்கு, 9.20 விழுக்காடு வட்டியில், 15 ஆண்டுப் பத்திரம் வெளியிட்டது. அசலில் பாதிக்கு அமெரிக்க வளர்ச்சி முகமை உத்தரவாதம் அளித்தது. வீட்டுக்காரர் செலுத்தும் குடிநீர்க் கட்டணம் முதலில் தனிக் கணக்கில் சேர்ந்து, கடன் தவணை போக மிஞ்சியதே பிற செலவுக்கு வந்தது. தவணை தவறினால், மாநிலம் தர வேண்டிய நிதிப்பகிர்விலிருந்து பிடித்துக்கொள்ளவும் வழி இருந்தது. முதலீட்டாளருக்கு நிம்மதி, நகராட்சி ஆணையருக்குச் சற்றே கைக்கட்டு.

குடிநீருக்கும் கழிவுநீருக்கும் கூட்டுப் பத்திரமே பொருந்தும் என்பேன். தெருக்களுக்குத் தனிப் பத்திரம், கூட்டுப் பத்திரம் இரண்டுமே பொருந்தா. முட்டுச்சந்தில் சுங்கம் வசூலிக்க முடியாதல்லவா? அவற்றுக்கு மானியமும் சொத்துவரியுமே வழி.